முப்பத்தேழாவது குரூஸ்

சிட்னி மாநகரில் குரூஸ் என்ற போர்த்துக்கேயப் பெயரைத் தாங்கிய தமிழர் பதினொரு பேர் 1974ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பதினொரு பேருக்கு எதற்குச் சங்கம் என்று கேட்கிறவர் நம்மவரோடு பழகாதவர். இரண்டு பேர் இருந்தாலே ஒருவர் தலைவர், மற்றவர் செயலாளர். பதினொரு பேர் என்றால் ஒரு அரசாங்கமே நடத்தலாம். நடத்தினார்கள். பெயர், 'குரூஸ் பிரமுகர் பேரவை'.

பதினோராவது ஆள் சவிரியான் குரூஸ். மன்னாரில் பேசாலையில் பிறந்தவன், லிட்கம் பக்கத்தில் ரயில்பெட்டி திருத்தும் பட்டறையில் வேலை. ஞாயிறு பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தவனைச் செயலாளர் எமிலியானுஸ் மறித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். அதன்பின் அவன் கூட்டம் எதற்கும் போனதில்லை. எமிலியானுஸ் அவனுக்குப் பதிலாகத் தானே கையெழுத்துப் போட்டு அவனையும் வந்ததாகக் காட்டிவிடுவார்.

தன் பெயர் எப்படி வந்தது என்று சவிரியானுக்குத் தெரியும். நானூறு வருடத்துக்கு முன் அவன் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றபோது ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கேயனின் பெயர் குரூஸ். அன்று ஆள் பற்றாக்குறையில் அந்த மனிதர் தெருவுக்கே ஞானத்தகப்பனாக நின்றதால் தெருவே குரூஸ் ஆனது. இவ்வளவுதான் கதை. பேரவைத் தலைவர் செபஸ்தியான் குரூஸுக்கு மட்டும் இந்தக் கதை ஆகாது. அவர் தூத்துக்குடிக்காரர், சிட்னியில் ஒரு அரசு அலுவலகத்தின் பழைய கோப்பறைக்குப் பொறுப்பு. சவிரியானைப் போலவே நல்ல கறுப்பு. ஆனால் மேடையில் ஏறிவிட்டால், "நம் நாளங்களில் ஓடுவது இரத்தம் அல்ல, அட்லாண்டிக் சமுத்திரம்!" என்பார். மன்னார்க் கடலை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பேரவையின் யாப்பை, அதாவது சட்டதிட்டங்களை, உட்கார்ந்து எழுத ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை. எமிலியானுஸின் அயலவர் ஒருவர் புல்வெளியில் பந்து உருட்டும் கழகமொன்றில் இருந்தார். அந்தக் கழகத்தின் யாப்பை வாங்கி, கழகம் என்று வந்த இடத்திலெல்லாம் பேரவை என்று தட்டச்சுச் செய்துவிட்டார்கள். அது முந்நூறு பேர் கொண்ட கழகம். ஆகவே கூட்டம் நடத்த ஆகக் குறைந்த வரவு, அதாவது கோரம், முப்பத்தேழு பேர் என்றிருந்தது. வெள்ளைச் சப்பாத்து அணியாதவர் புல்லில் இறங்கக்கூடாது என்றும் இருந்தது. எமிலியானுஸ் சட்டத்துக்குப் பயந்தவர். அன்றிலிருந்து கூட்டத்துக்கு வெள்ளைச் சப்பாத்தோடுதான் வருவார்.

பதினொரு பேர் முப்பத்தேழு பேர் ஆவது எப்படி? யாப்பைத் திருத்தலாம்தான். ஆனால் திருத்துவதற்கும் கோரம் வேண்டும். தலைவர் மூன்று நாள் யோசித்து வழி கண்டுபிடித்தார். அங்கத்தவர் உயிரோடு இருக்கவேண்டும் என்று யாப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை. உடனே 'பிரமுகர் தேடல் உபகுழு' அமைந்தது. உலகத்தில் குரூஸ் என்ற பெயரோடு வாழ்ந்து பேரெடுத்து இறந்த இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்து, சட்டம் போட்ட படங்களாக்கி, கூட்டத்தில் கதிரைக்கு ஒருவராக இருத்தினார்கள். மக்காவு ஆயர் ஒருவர், கோவாவில் மாங்காய் ஒட்டுக் கட்டிய ஒருவர், மலாக்காவில் கடிகாரம் பழுதுபார்த்த ஒருவர், பிரேசிலில் எதற்கோ புகழ்பெற்ற ஒருவர். எதற்கென்று உபகுழுவுக்குத் தெரியவில்லை. இருவருக்குப் படம் அகப்படாமல் பிஸ்கற் தகரத்தில் இருந்த மீசைக்காரரை வெட்டி ஒட்டினார்கள். இரண்டு பேருக்கும் அதே மீசை.

யாப்பின் பதினெட்டாம் விதி இன்னும் வசதியானது. எதிர்ப்பைச் சத்தமாகச் சொல்லாதவர் தீர்மானத்தை ஆதரித்தவராகக் கொள்ளப்படுவார். பந்து உருட்டுகிறவர்கள் வெயிலில் கையைத் தூக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் எழுதிய விதியாக இருக்கும். அன்றுமுதல் தலைவர் கொண்டுவந்த தீர்மானமெல்லாம் இருபத்தாறு வாக்கு முன்னிலையோடுதான் தொடங்கியது.

இதெல்லாம் சவிரியானுக்கு வெறும் பகிடியாகத்தான் இருந்தது. 1976இல் கப்பல் சமையல் வேலையை விட்டுவிட்டு அவனிடம் வந்து சேர்ந்த தம்பி மடுத்தீனிடம் சொல்லிச் சிரிப்பான். மடுத்தீனையும் சேரச் சொல்லி எமிலியானுஸ் வீடுதேடி வந்தார்.

"பேருக்கு ஒரு சங்கமோ? மூக்குக்கும் ஒண்டு வையுங்கோ அண்ணை, நான் சேருறன்" என்று சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து அனுப்பிவிட்டான் மடுத்தீன்.

1977 மே மாதம், தான் பாண் ரொட்டி சுடும் வேலைசெய்த பேக்கரியில் மாவு மூட்டையைத் தூக்கியபடியே மடுத்தீன் சரிந்து விழுந்தான். வயது முப்பத்துநாலு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் செய்வதறியாமல் நின்ற சவிரியானின் தோளைத் தொட்டவர் எமிலியானுஸ்தான். வாரிசில்லாத ஒரு குரூஸ், லிட்கம் பக்கத்துச் சேமக்காலையில் பன்னிரண்டு பேரைப் புதைக்கும் இடத்தைப் பேரவைக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். சேமக்காலை என்றுதான் எங்கள் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்தைச் சொல்வார்கள். "எங்கட இடம் இருக்குது சவிரியான், நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும்" என்றார். சவிரியான் அழுதுகொண்டே ஒன்பது பக்கப் படிவத்தில் கையெழுத்திட்டான். அழுதுகொண்டு கையெழுத்திடும் படிவத்தை எவன் வாசிக்கிறான்?

அடக்கம் முடிந்தது. குழியின் தலைமாட்டில் ஒரு மரக்கட்டை நட்டார்கள். அதில் கு–7 என்று எழுதியிருந்தது.

"கல் எப்ப வைக்கலாம் அண்ணை?"

எமிலியானுஸ் தன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தார். "அதுதான்... அந்தப் படிவத்தில பதினாலாம் விதி. கல்லும் பேரும் பிரமுகருக்குத்தான். மற்ற ஆக்களுக்கு இலக்கம். உம்மட தம்பி பிரமுகரோ எண்டு உபகுழு பாக்க வேணும்."

பேசாலையிலிருந்து தாயின் கடிதம் வந்தது. பங்குச் சுவாமியாரைக் கொண்டு எழுதுவித்திருந்தாள். 'நவம்பர் ரெண்டு மரித்தோர் தினம். அதுக்கு முதல் பிள்ளையின்ர கல்லைப் படமெடுத்து அனுப்பு மகன். பேர் தெரியிற மாதிரி எடு. பேரில்லாத குழிக்கு ஆர் மகன் செபிப்பினம்? பிள்ளைக்கும் தான் எங்க கிடக்கிறன் எண்டு தெரியாமப் போயிடும்.'

சவிரியானுக்கு அந்தக் கடைசி வரி நெஞ்சில் தைத்துவிட்டது. பட்டறையில் பெட்டிகளுக்கு இலக்கம் எழுதுவதே அவன் தொழில். உயிரற்ற பெட்டிக்கு இலக்கம் போடலாம். தம்பிக்குப் போடுவதா?

தலைவரின் வீட்டுக்குப் போனான். தலைவர் அன்பாகத்தான் வரவேற்றார்.

"தம்பி, நான் ஒளிவுமறைவில்லாம சொல்லுதேன். உங்க மடுத்தீன் நல்ல பையன். ஆனா நல்லவங்களுக்கெல்லாம் கல் வச்சா பிரமுகருக்கு என்ன மரியாதை? புகழ்னா பத்துப் பேருக்குத் தெரியணும்லா?"

"அவன் சுட்ட பாணை லிட்கம் சனமெல்லாம் திண்டது ஐயா."

"தின்னவங்களுக்கு யார் சுட்டதுன்னு தெரியுமா? தெரியாதுல்லா? அதுக்குப் பேருதான் புகழ் இல்லாமை." "என்னையே எடுத்துக்கோங்க. இந்தப் பேரவை இல்லைன்னா என்னை யாருக்குத் தெரியும்? அதனாலதான் இதைக் கண்ணும் கருத்துமாக் காக்கேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. ஒக்டோபர் இரண்டாம் தேதி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் விஷயத்தை வைக்கிறேன் என்றார். ஆனால் விண்ணப்பதாரர் பேரவைக்கு உழைத்தவராக இருக்கவேண்டும். ஆகவே சவிரியானைப் 'பிரமுகர் பராமரிப்பாளர்' ஆக்கினார். மறுநாள் எமிலியானுஸின் வான் வண்டியில் இருபத்தாறு படங்களும் சவிரியானின் வாடகை வீட்டுக்கு வந்து இறங்கின. கூடவே ஒரு தாளில் விதிகள். படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பக்கூடாது. குசினியில் வைக்கக்கூடாது, புகை படும்.

வீட்டில் மூன்று அறை. ஒன்றில் சவிரியான், ஒன்றில் வாடகை பங்குபோடும் யாழ்ப்பாணத்துச் சிவபாலன், மற்றது மடுத்தீனுடையது. மடுத்தீனின் கட்டிலில் எட்டுப் பிரமுகரைச் சாத்திவைத்தான். மிச்சப் பேர் நடையிலும் கூடத்திலும்.

"மச்சான், சாரம் மாத்த ஏலாமக் கிடக்குது" என்று சிவபாலன் இரண்டாம் நாளே முறையிட்டான். "ஆயர் பாத்துக்கொண்டிருக்கிறார்."

முதலில் சவிரியானும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. வேலையால் வந்து கதவைத் திறந்தால் இருபத்தாறு பேர் அவனைப் பார்த்தார்கள். பின்னேர வெயில் கண்ணாடிகளில் பட்டு நகரும்போது முகங்கள் மெல்லத் திரும்புவதுபோல் இருக்கும். கடிகாரக்காரரின் கண் அவன் சாப்பிடும் சோற்றுக் கோப்பைவரை வந்தது. தன்னையறியாமல் அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடக்கப் பழகினான். ஒருநாள் நடையில் மாங்காய்க்காரரைத் தட்டிவிட்டு, "குறை நினையாதேங்கோ ஐயா" என்று சொன்னது அவனுக்கே கேட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மடுத்தீனின் அறைக்குள் யாரோ இருமினார்கள். மடுத்தீனின் அதே இருமல், பேக்கரியில் மாத்தூசு குடித்துக் குடித்து வந்த இருமல். ஓடிப்போய்ப் பார்த்தான். கட்டிலில் எட்டுப் பேரும் அசையாமல் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் இருமியதாகத் தெரியவில்லை.

சவிரியானுக்குப் பேய்க்குப் பயமில்லை. அவன் மனவருத்தம் வேறு. மக்காவு பக்கமிருந்தும் மலாக்காவிலிருந்தும் முன்பின் தெரியாத ஆவிகளெல்லாம் வீட்டுக்குள் வந்து சப்பணம் கட்டி இருக்கின்றன. இரண்டு மைல் தூரத்தில் கிடக்கிற தம்பிக்கு வழி தெரியவில்லை. தாய் எழுதியது சரிதான், கு–7 என்ற பெயரோடு அவன் எந்தக் கதவைத் தட்டுவான்? அன்று பின்னேரம் முழுவதும் அந்தக் கட்டிலின் காலடியில் இருந்து சவிரியான் வாய்விட்டு அழுதான். பிரமுகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு விபரீதம் நடந்தது. கோவாவிலிருந்து பேரவைக்கு ஒரு கடிதம். எழுதியவர் மாங்காய் ஒட்டுக் கட்டிய குரூஸ். தாம் இன்னும் இறக்கவில்லை என்றும், தம் படத்துக்கு மாலை போடுவதாகக் கேள்விப்பட்டு வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருப்பதாகவும், தயவுசெய்து இறக்கிவிடும்படியும் எழுதியிருந்தார்.

அவசரச் செயற்குழு கூடியது. தலைவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "பொறுப்பில்லாத மனுஷன்" என்றார். "மூணு வருஷமா இறந்தவர்ங்கிற நம்பிக்கையில பதவி கொடுத்திருக்கோம். இப்ப வந்து உயிரோட இருக்கேன்னா என்ன அர்த்தம்?"

"உயிரோட இருக்கிறவர் எண்டாலும் அங்கத்தவர்தானே ஐயா?" என்றார் எமிலியானுஸ்.

"உயிரோட இருக்கிறவன் வரலைன்னா வரலைதான், எமிலி. கோவாவுல இருக்கிற ஆளு இங்க எப்படி இருக்க முடியும்? செத்தவங்களுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு கிடையாது."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. மாங்காய்க்காரர் நீக்கப்பட்டார். புதிய பிரமுகரைத் தேட நேரமில்லை. தேடல் உபகுழுவுக்கும் கோரம் வேண்டும்.

ஒக்டோபர் இரண்டு, ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி. பிளாக்டவுனில் சாரணர் மண்டபமொன்று. முப்பத்தேழு கதிரை போட்டிருந்தது. பத்தில் மனிதர், இருபத்தைந்தில் படங்கள். சவிரியான் உபகுழுவிடம் காட்டவென்று மடுத்தீனின் படத்தைப் பெருப்பித்துக் கொண்டுவந்திருந்தான். கப்பல் அடையாளப் புத்தகத்தில் இருந்த படம். கழுத்துப்பட்டி சரிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம்.

எமிலியானுஸ் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். சவிரியானைச் சேர்த்தும் முப்பத்தாறு. வியர்த்து வழிந்தது. அவர் கண் சவிரியானின் கையிலிருந்த படத்தில் விழுந்தது.

"உவர் குரூஸ்தானே?"

"என்ர தம்பி அண்ணை."

"செத்தவர்தானே?"

"ஓம்..."

"பின்ன ஏன் நிண்டுகொண்டு நிக்கிறார்? இருத்தும்!"

மடுத்தீன் முப்பத்தேழாவது கதிரையில் இருந்தான். தலைவர் மணியடித்தார். வருகைப் பதிவில் அவன் பெயர் ஏறியது. வரவேற்புரை, மறைந்த பிரமுகருக்கு இரண்டு நிமிட மௌனம், அதைத் தொடர்ந்து அதே பிரமுகருக்கு வருகை தந்தமைக்கு நன்றி. நாலாவது விஷயம் கல்.

தலைவர் எழுந்தார். "பெருமக்களே! புகழ் என்பது கொடுக்கக் கொடுக்கக் குறைவது. ஆகவே நான் அதை யாருக்கும் கொடுத்ததில்லை. 'காலஞ்சென்ற மடுத்தீன் குரூஸ் பிரமுகர் அல்லர்' என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். எதிர்ப்பவர் சத்தமாகச் சொல்லலாம்."

"நான் எதிர்க்கிறன்!" என்றான் சவிரியான். மண்டபத்தில் வேறு சத்தமில்லை. வெளியே யாரோ புல்லு வெட்டும் இயந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

"எதிராக ஒன்று. ஆதரவாக முப்பத்தாறு. தீர்மானம் நிறைவேறியது." தலைவர் கனிவோடு கீழே பார்த்தார். "வருத்தப்படாதீங்க தம்பி. உங்க மடுத்தீனே ஆதரவாத்தான் வாக்களிச்சிருக்கார். அவரே வேண்டாம்னுட்ட பெறகு நீங்க அடம்பிடிக்கலாமா?"

எமிலியானுஸ் அதை அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார்.

சவிரியான் நடந்துபோய்க் கதிரையிலிருந்த படத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "என்ர தம்பி சீவியத்தில ஒருக்காலும் வாய் மூடிக்கொண்டு இருந்தவனில்லை. செத்தபடியால்தான் கதைக்கேல்லை. அதை வாக்கெண்டு எழுதுறியளோ? நாங்கள் போறம்."

"போங்க தம்பி, போங்க" என்றார் தலைவர். "அடுத்த விஷயம், ஆயுட்காலத் தலைவர் தேர்வு."

எமிலியானுஸ் எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் மாறியது. மூன்று வருடமாக அவர் காத்திருந்த விஷயம் அது. இருக்கிறவர்கள் முப்பத்தைந்து பேர்.

அதன்பின் நடந்ததைப் பிளாக்டவுன் தெருவில் போனவர்கள் கண்டிருப்பார்கள். ஒரு மனிதர் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடக்கிறார். பின்னால் வெள்ளைச் சப்பாத்தோடு ஒருவரும், கழுத்தில் மாலையோடு ஒருவரும் ஓடுகிறார்கள்.

"சவிரியான்! ஒரு பத்து நிமிசம் அவரை இருக்கச் சொல்லும்!"

"அவன் பிரமுகர் இல்லைத்தானே? அவன்ர இருப்பு உங்களுக்கு என்னத்துக்கு?"

தலைவர் மூச்சிரைக்க வந்து முன்னால் நின்றார். சவிரியானைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "பிரமுகர் மடுத்தீன் அவர்களே, தயவுபண்ணி வந்து உக்காருங்க" என்றார்.

"எழுதித் தாங்கோ" என்றான் சவிரியான். "கல்லும் பேரும் எண்டு எழுதித் தாங்கோ. அவன் வருவான்."

எமிலியானுஸ் அங்கேயே ஒரு மதிலில் தாளை வைத்து எழுதினார். மடுத்தீன் திரும்பிப்போய்க் கதிரையில் இருந்தான். தலைவர் ஏகமனதாக ஆயுட்காலத் தலைவர் ஆனார்.

எட்டே நாளில் கல் வந்தது. 'மடுத்தீன் குரூஸ், பேசாலை, 1943–1977. பிரமுகர்.' சவிரியான் படமெடுத்து அனுப்பினான். தாயிடமிருந்து பதில் வந்தது. 'பேர் வடிவாத் தெரியுது மகன். பங்கிலை எல்லாருக்கும் காட்டினனான். பிரமுகர் எண்டா என்ன உத்தியோகம்? பிள்ளைக்கு நல்ல வேலைதான் கிடைச்சிருக்குது என்ன?'

அதே வாரம் பேரவையிலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது. முகவரியில் மடுத்தீன் குரூஸ் என்றிருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கூட்டம். பிரமுகர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குச் சமூகமளிக்கத் தவறினால் பிரமுகர் நிலை இழப்பார், கல் அகற்றப்படும். பராமரிப்பாளர் அவரை உரிய நேரத்துக்கு அழைத்துவரவேண்டும்.

"விசர்க் கூட்டம்! கிழிச்செறி" என்றான் சிவபாலன்.

சவிரியான் கிழிக்கவில்லை. நவம்பர் ஆறாம் தேதி மற்றப் பிரமுகர்கள் எமிலியானுஸின் வான் வண்டியில் போய்விட்ட பிறகு, மத்தியானம் தம்பியின் படத்தைத் துடைத்து, பழைய தலையணை உறைக்குள் வைத்து, லிட்கமில் ரயில் ஏறினான். பெட்டியில் சனமில்லை. உறையைக் கழற்றி, தம்பியை யன்னல் பக்கத்து இருக்கையில் வைத்தான். அப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது. ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். எங்கையாவது போவம் அண்ணை என்று மடுத்தீன் கேட்காத ஞாயிறு இல்லை. பூசை முடிந்ததும் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு இவன் பட்டறைக்கு ஓடிவிடுவான். ஒரு ஞாயிறுகூட அவனைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறியதில்லை. வேலிகளும் தகரக் கூரைகளும் வெயிலும் யன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கும்படி படத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்தான்.

மண்டபத்தில் எமிலியானுஸ் வருகைப் பதிவை வாசித்தார். மக்காவு ஆயர், கடிகாரக்காரர், இரண்டு மீசைக்காரர். தாங்களாகப் பதில் சொல்லாதவர்களுக்குப் பராமரிப்பாளர் பதில் சொல்லவேண்டும் என்பது புதிய விதி. சவிரியான் ஒவ்வொருவருக்கும் "வந்திருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"மடுத்தீன் குரூஸ்!"

ஆறு மாதமாக அந்தப் பெயரை அவனுக்கு முன்னால் ஒருவரும் அப்படிப் பதில் எதிர்பார்த்துச் சத்தமாகக் கூப்பிடவில்லை. வீட்டில் சிவபாலன் அவனுக்கு நோகும் என்று அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பேக்கரியில் வேறு ஆள் வந்துவிட்டான். இவ்வளவு பெரிய நாட்டில், இந்தக் கோமாளிக் கூட்டத்தில் மட்டும்தான் அவனை இன்னும் கூப்பிடுகிறார்கள்.

"மடுத்தீன் குரூஸ்? வந்திருக்கிறாரோ?" எமிலியானுஸ் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

சவிரியான் எழுந்து நின்றான்.

"ஓம்," என்றான். "வந்திருக்கிறான்."